லோர்னாவின் கேன் ஏன் சீறியது?

ஞாயிறு மதியம் 12.40 முதல் 1.10 வரை ஹாட்ச்சர் டிரெய்லர் பக்கம் இருந்தவர்கள்:

லோர்னா ஹாட்ச்சர். ஓட்டுநர். பச்சைப் பட்டை. 12.45க்கு ஓட்டுநர் கூட்டத்துக்குப் போனாள். 1.10க்குத் திரும்பினாள்.

ட்வைட் ஹாட்ச்சர். அவள் புருஷன். ஆரஞ்சுப் பட்டை. நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். 12.55க்குக் கழிப்பறைக்குப் போனதாகச் சொல்கிறான். பத்து நிமிடம்.

ரெக்ஸ் கோல்பர்ன். இறுதிப் போட்டியில் லோர்னாவின் எதிராளி. பச்சைப் பட்டை. வாழ்த்துச் சொல்ல வந்தானாம். கூட்டத்துக்குத் தாமதம்.

க்ளென்னா. கோல்பர்னோடு வந்தவள். ஆரஞ்சுப் பட்டை. எலுமிச்சைச் சாறு கொண்டுவந்தாள்.

நான். 12.40க்கு முத்திரையை வெட்டிக் கேனை ஒப்படைத்தேன். உடனே கிளம்பிவிட்டேன்.

இர்மா பெல்ஃப்ரி கைப்பட எழுதிய பட்டியல் இது. பக்ஹார்ன் ஹாலோ கார்ப் பந்தய ஓடுதளத்தில் இருபத்திரண்டு வருடமாக எரிபொருள் பரிசோதனை அவள் பொறுப்பு.

"மணிக்கட்டுல கட்டுற பட்டை நிறம் வரைக்கும் எழுதியிருக்கா பாஸ்," என்றாள் டான்சி. "சர்ச்சுக்குப் போனா யார் யாரு என்ன தொப்பி போட்டிருந்தாங்கன்னு கடவுளுக்கே எழுதிக் குடுப்பா போல."

இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்குத் துப்புத் துலக்கும் வெர்லின் ஸ்டாம்ப்பர் போட்டி பார்க்க வந்திருந்தான்; இர்மாதான் அவனைக் கொட்டகைக்குக் கூப்பிட்டிருந்தாள். அவன் கண் மூன்றாவது பெயரிலும் நான்காவது பெயரிலும் மாட்டிக்கொண்டு நின்றது. க்ளென்னாவுக்குப் பின்னால் இர்மா குடும்பப் பெயர் எதையும் எழுதவில்லை. ஏழு வருடத்துக்கு முன்பு அந்த இடத்தில் ஸ்டாம்ப்பர் என்று எழுதியிருக்கலாம். இப்போது கோல்பர்ன் என்று எழுதலாமா என்பது இர்மாவுக்குத் தெரியவில்லை. வெர்லினுக்கும் தெரியாது. அவன் யாரிடமும் கேட்டதில்லை.

"பாஸ், பேப்பரை முறைச்சா அது ஒப்புக்காது. ஆளைப் போய் முறைங்க."

டான்சி பாக்ஸுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பின்னால் நாற்பது பிள்ளைகளில் எவன் பொய் சொல்கிறான் என்பதைக் கண்ணாடியில் பார்த்தே கண்டுபிடித்துப் பழகியவள். அதற்காகத்தான் வெர்லின் அவளை வேலைக்கு வைத்தான். வாயை வாடகைக்குக் கேட்கவில்லை, அது இலவசமாக வந்தது.

மணி இரண்டு பத்து. பரிசோதனைக் கொட்டகையின் தகரக் கூரை வெயிலில் படபடவென்று சத்தமிட்டது. ஓடுதளத்தில் யாரோ டயரைச் சூடேற்றிய புகை உள்ளே வந்து நின்றது.

"நேரம் எவ்வளவு இருக்கு?" என்று வெர்லின் கேட்டான்.

"மூணரை," என்றாள் இர்மா. அவள் மேசையில் இருந்த படிவத்தில் கையெழுத்துக்கான கோடு மட்டும் காலியாக இருந்தது. "மூணரைக்கு இதுல கையெழுத்துப் போடணும். போட்டா லோர்னாவுக்கு ரெண்டு வருஷத் தடை. எந்த ஓடுதளத்துலயும் சக்கரத்தை உருட்ட முடியாது. இண்டியானாபோலிஸ்லேர்ந்து வந்திருக்கிற பெரிய பந்தயக் குழுக்காரன் கார்ல ஏசி போட்டு உட்கார்ந்திருக்கான். இன்னிக்கு அவளை ஒப்பந்தம் பண்ண வந்தவன். தடைனு கேட்டா வண்டியைக் கிளப்பிடுவான்."

நடந்தது எளிய விஷயம். இந்த ஓடுதளத்தில் லோர்னாவின் பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே பீப்பாயிலிருந்துதான் பந்தயப் பெட்ரோல். சனிக்கிழமை காலையில் இர்மாவே கேனில் ஊற்றி, ஈய முத்திரை போட்டு, இரும்புக் கூண்டில் பூட்டி வைப்பாள். இறுதிப் போட்டிக்கு ஒரு மணி நேரம் முன்பு முத்திரையை வெட்டிக் கேனைக் கொடுப்பாள். ஜெயித்த காரின் டாங்கிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி மீட்டரில் வைத்துப் பார்ப்பாள். ஒன்று நாற்பதுக்கு லோர்னா ஜெயித்தாள். இரண்டு மணிக்கு மீட்டர் முள் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. கேனில் மிச்சமிருந்த பெட்ரோலிலும் அதே கதை.

"கூண்டுலயே யாராவது கலந்திருந்தா?"

இர்மா அவனைப் பார்த்த பார்வையில் புல் பூண்டுகூடக் கருகியிருக்கும். "கூண்டுச் சாவி என் கழுத்துல கிடக்கு. குளிக்கும்போதும்."

"அதான் துருப்பிடிச்சிருக்கு," என்றாள் டான்சி.

வெர்லின் ஊறுகாய் போட்டு வைக்கும் கண்ணாடிக் குப்பி ஒன்றை எடுத்தான். கால்பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் பேனாவால் கோடு போட்டான். மேலே லோர்னாவின் கேனிலிருந்து நீல நிறப் பெட்ரோலை ஊற்றி மூடிக் குலுக்கி மேசையில் வைத்தான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். பெட்ரோல் மேலே ஏறியது, தண்ணீர் கீழே இறங்கியது. ஆனால் தண்ணீர் பழைய கோட்டில் நிற்கவில்லை. கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"தண்ணி குட்டி போட்டிருக்கு," என்றாள் டான்சி.

"தண்ணியோட சேர்ற எதுவோ பெட்ரோல்ல இருந்திருக்கு. அது கீழ இறங்கித் தண்ணியோட சேர்ந்துக்கிச்சு. ஆல்கஹால்." இர்மா நிமிர்ந்தாள். "மெத்தனால். இன்னிக்கு இங்க மெத்தனால்ல ஓடுற வண்டி ஒண்ணே ஒண்ணுதான். கோல்பர்னோட நீள வண்டி. அவன் ரெண்டு வண்டி ஓட்டுறான்ல."

வெர்லினுக்குள் ஏதோ குளிர்ந்தது. அது நல்ல உணர்ச்சி இல்லை என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் நன்றாக இருந்தது.

"வெளியாள் கலந்ததா நிரூபிச்சா?"

"இவ மேல தடை இல்ல. ஓட்டம் செல்லாது, அவ்வளவுதான். கெட்டது கெட்டதுதான், யாரு ஊத்தினாலும். ஆனா இவளோட சொந்தக் குழு ஆளு கலந்திருந்தா அது இவளே கலந்த மாதிரி. ரெண்டு வருஷம். விதியை நான் எழுதலை."

லோர்னா டிரெய்லரின் பின்பலகையில் உட்கார்ந்திருந்தாள். பந்தய உடுப்பை இடுப்பு வரை உரித்து, கைகளைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. அழவில்லை. அழுதால் குழுக்காரன் கார்க் கண்ணாடி வழியே பார்ப்பான் என்பதால் அழவில்லை.

"கேன் உங்க கைக்கு வந்ததுலேர்ந்து சொல்லுங்க," என்றான் வெர்லின்.

"மிஸ் இர்மா முத்திரையை வெட்டினாங்க. நான் பின்னால இருக்கிற குட்டி மூடியைக் கால் சுற்று திறந்து வெச்சேன். கூட்டத்துக்குப் போனேன்."

"எதுக்குத் திறக்கணும்?"

"இவளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்று கூடவே வந்திருந்த இர்மா குறுக்கிட்டாள். "கேனை இறுக்கி மூடுனு புத்தகத்துலயே இருக்கு."

"புத்தகத்தோட கண்ணுல பெட்ரோல் அடிக்கலை, மிஸ் இர்மா. என் கண்ணுல அடிச்சிச்சு." அவள் இடது இமையின் மேல் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. "மூணு வருஷம் முன்னாடி. வெயில்ல கேன் உப்பிப்போயி, திறந்ததும் மூஞ்சியில பீய்ச்சிச்சு. அதுலேர்ந்து திறந்துதான் வெப்பேன். காத்துப் போகட்டும். இந்த ஓடுதளத்துக்கே தெரியும்."

"திரும்பி வந்து?"

"நானேதான் காருக்கு ஊத்தினேன். வேற யாரும் ஊத்த விடமாட்டேன், ராசி. பெரிய மூடியைத் திருகினேன். உஸ்ஸுனு சீறிச்சு. நான் பயந்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். நல்ல வெயிலு, அதான்னு நினைச்சேன்."

வெர்லினின் பேனா நின்றது. டான்சி சோளமாவில் முக்கிப் பொரித்த சாசேஜ் ஒன்றைக் குச்சியோடு கடித்துக்கொண்டிருந்தாள். அவளும் மெல்வதை நிறுத்தினாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க. உஸ்ஸுனு?"

"ஆமா. சோடா பாட்டில் மாதிரி."

"திறந்து வெச்ச பாட்டில் சீறாதும்மா," என்றாள் டான்சி.

லோர்னாவின் வாய் மெதுவாகத் திறந்தது. "குட்டி மூடி மூடியிருந்திச்சு. ஆமா. ஊத்துறதுக்கு முன்னாடி அதையும் திருகினேன். கை தானா திருகிச்சு, யோசிக்கலை. நான் திறந்து வெச்சதை யாரோ மூடியிருக்காங்க."

"திருடன் கதவைத் திறந்துட்டுப் போவான். இவன் மூடிட்டுப் போயிருக்கான்," என்றாள் டான்சி. "இவ்வளவு ஒழுக்கமான களவாணியை நான் பார்த்ததில்ல."

இர்மா மெல்லச் சொன்னாள்: "அது ஒழுக்கம் இல்ல. ஆல்கஹால் கை. மெத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். ஆகஸ்ட் மாசத்துல மூடியைத் திறந்து வெச்சுட்டுத் தும்மினா, அந்தத் தும்மல் நேரத்துக்குக் குடிக்கும். மெத்தனால்ல வளர்ந்தவன் கையை விட்டுக் கீழ வைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூடியையும் இறுக்கிடுவான். அவனா செய்யறதில்ல. கை செய்யும்."

"கோல்பர்ன்," என்றான் வெர்லின். அந்தப் பெயர் அவன் வாயில் இனித்தது.

டிரெய்லர் நிழலில் ட்வைட் நாற்காலியில் இருந்தான். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவன் காலடியில் ஒரு பச்சை ஃபிளாஸ்க். "கோல்பர்னைத்தான் நானும் சொன்னேன்," என்றான் யாரையும் பார்க்காமல். "வாழ்த்துச் சொல்லிட்டுப் பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்குக் கிளம்பினவன், நான் கழிப்பறைக்குப் போன நேரத்துல திரும்ப வந்திருப்பான். கூட்டத்துக்கும் ஒரு மணிக்குத்தான் போயிருக்கான்."

கோல்பர்னின் இடத்துக்குப் போகும் வழியில் வெர்லின் வேகமாக நடந்தான். டான்சிக்கு மூச்சு வாங்கியது.

"பாஸ், நிதானம். துப்புத் துலக்கப் போறோமா, மாப்பிள்ளையை அடிக்கப் போறோமா?"

"வேலைக்குத்தான் போறோம்."

"அப்ப ஏன் நடக்கும்போதே தலையைச் சீவிக்கிறீங்க?"

அவன் சீப்பைப் பையில் போட்டான்.

கோல்பர்னின் இடம் மற்றவர்களுடையதைவிட மூன்று மடங்கு. வெள்ளைக் கூடாரம், தரையில் ரப்பர் விரிப்பு, நான்கு வேலையாட்கள். நடுவில் ஊசி மாதிரி நீண்ட மெத்தனால் வண்டி. அதன் மூக்கில் புதிய சிவப்புப் பெயிண்டுக்கு அடியில் பழைய பச்சை கொஞ்சம் எட்டிப் பார்த்தது. க்ளென்னா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எலுமிச்சையை வெட்டிக்கொண்டிருந்தாள். தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். அது அவளுக்குப் பொருந்தியது. பொருந்தாமல் இருந்திருக்கலாம் என்று வெர்லின் நினைத்தான்.

"அடடே, ஸ்டாம்ப்பர்!" கோல்பர்ன் கையை நீட்டினான். பல் எல்லாம் தெரிந்தது. "இன்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தீப்பிடிச்ச கோழிப்பண்ணையை எல்லாம் எண்ணிக்கிட்டுதான் இருக்கியா?"

"பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு ஹாட்ச்சர் டிரெய்லரை விட்டுக் கிளம்பினே. ஒரு மணிக்குத்தான் கூட்டத்துக்குப் போனே. நடுவுல எட்டு நிமிஷம்."

பற்கள் மறைந்தன. "அது என் சொந்த விஷயம்."

"அவ கேன்ல மெத்தனால் இருக்கு. உன் வண்டிதான் மெத்தனால் குடிக்குது."

"என் வண்டி குடிக்கும். நான் கேனைத் தொடுறதில்ல. பத்து வருஷமா தொட்டதில்ல. அதுக்கு ஆள் வெச்சிருக்கேன்."

"அந்த எட்டு நிமிஷம்?"

கோல்பர்ன் திரும்பிக் கூடாரத்துக்குள் போய்விட்டான். வெர்லினுக்குப் பின்னால் க்ளென்னாவின் குரல் கேட்டது. "வெர்ன், இங்க வா."

அந்தப் பெயரை வேறு யாரும் சொல்வதில்லை. அவன் போனான். கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அவர் வாந்தி எடுத்துக்கிட்டிருந்தார். ஒவ்வொரு இறுதிப் போட்டிக்கு முன்னாடியும் எடுப்பார். வண்டிக்குப் பின்னால வாளி வெச்சிருக்கோம். நான்தான் முதுகைத் தடவிக் குடுப்பேன். ஆளுங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு வெளியே சொல்ல மாட்டார்."

கோல்பர்ன் வாந்தி எடுப்பான் என்று கேட்டதும் வெர்லினுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகைத் தடவுகிற கைதான் மனசில் நின்றது. அவனுக்கு நிமோனியா வந்தபோது அந்தக் கை எங்கே இருந்தது என்று யோசித்தான். அங்கேதான் இருந்தது. அதுதான் இன்னும் மோசம்.

"நல்ல கதை," என்றான்.

"கதைன்னா உனக்குப் பிடிச்ச மாதிரி சொல்லியிருப்பேன். இன்னும் ஒண்ணு கேளு. இந்த நீள வண்டி யாருதுன்னு தெரியுமா? ட்வைட்டோடது. அவன் பதினஞ்சு வருஷம் ஓட்டினது. நாலு வருஷம் முன்னாடி இதை ரெக்ஸுக்கு வித்துட்டுத்தான் லோர்னாவுக்குக் கார் கட்டினான். ஒவ்வொரு போட்டிக்கும் காலையில வந்து இதுகிட்ட உட்கார்ந்திருப்பான். மேல கையை வெச்சுக்கிட்டு. எங்க ஆளுங்க விட்டுடுவாங்க, பாவம்னு."

"இன்னிக்கும்?"

"இன்னிக்கும். ஃபிளாஸ்க்கும் கையுமா வந்தான். அப்புறம் நான் சாறு கொண்டுபோனப்ப ரெண்டு டம்ளர் வாங்கி ஒரே மூச்சுல குடிச்சான். அவ்வளவு தாகம். காலடியில ஃபிளாஸ்க் இருந்தும் தொடலை." அவள் அடுத்த எலுமிச்சையை எடுத்தாள். "என் மேல இருக்கிற கோவத்தை ரெக்ஸ் தலையில கட்டாதே, வெர்ன்."

"உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல."

"சரி," என்றாள். எப்போதும் அப்படித்தான் சொல்வாள். அந்தச் 'சரி'யில் விவாகரத்தே முடிந்தது.

திரும்பும்போது டான்சி அவனைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தாள். மணி இரண்டு ஐம்பது.

"கணக்கு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன் பாஸ். கோல்பர்ன் கலந்தான்னு சொன்னா லோர்னா தப்பிச்சா. குழுக்காரன் ஒப்பந்தம் போடுவான். கோல்பர்னுக்குத் தடை. க்ளென்னா வாளியைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போவா. நீங்க வாரக்கணக்குல சிரிச்சிக்கிட்டே இருப்பீங்க. ட்வைட்தான்னு சொன்னா அவ சொந்தக் குழு ஆளு. லோர்னாவுக்கு ரெண்டு வருஷம். உண்மை மட்டும் மிஞ்சும்."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"க்ளென்னா சொல்றப்ப உங்க மூஞ்சியில. பிடிக்காத பதில் வந்தா நீங்க மூக்கைச் சொறிவீங்க."

வெர்லின் நின்றான். பொய் சொல்வது இன்றைக்கு எவ்வளவு சுலபம் என்று யோசித்தான். எல்லோரும் அதை நம்பத் தயாராக இருந்தார்கள், அவனும் உட்பட. புருஷன் ஒருவன் பெண்டாட்டி ஜெயிப்பதைப் பார்த்துக்கொண்டு நாலு வருடம் நிழலில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குள் என்ன ஊறும் என்பது வெர்லினுக்கு ஆராய்ச்சி செய்துதான் தெரிய வேண்டும் என்பதில்லை. இன்னொருத்தன் தன் இடத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிற கண் எப்படி இருக்கும் என்று தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறான்.

"சந்தேகம் வேற, தெரியறது வேற," என்றான். "கோல்பர்ன்கிட்ட ஒரு கேன் மெத்தனால் கடன் வாங்கிட்டு வா. குட்டி மூடி வெச்ச கேனா இருக்கணும். ஆளுங்களையும் கூப்பிடு."

மூன்று ஐந்துக்குக் கொட்டகையில் எல்லோரும் இருந்தார்கள். மேசையில் மூன்று கண்ணாடிக் குப்பிகள், பீப்பாயிலிருந்து எடுத்த சுத்தமான நீலப் பெட்ரோல் ஒவ்வொன்றிலும் பாதி. பக்கத்தில் மெத்தனால் கேன். அதற்குப் பக்கத்தில் லோர்னாவின் கேன், அவள் வழக்கப்படி குட்டி மூடி கால் சுற்றுத் திறந்து.

"எவ்வளவு கலந்தா மீட்டர் முள் அந்த இடத்துக்குப் போகும்னு பார்க்கணும்," என்றான் வெர்லின். "ஆளுக்கு ஒரு குப்பி. ஒரு மூடி அளவு ஊத்துங்க போதும். நான் கை வெச்சா அப்புறம் ஸ்டாம்ப்பர் ஏமாத்தினான்னு சொல்லுவீங்க. கோல்பர்ன், நீ முதல்ல."

கோல்பர்ன் இரண்டு கையாலும் கேனைத் தூக்கினான். குழந்தை முதல் தடவை பால் ஊற்றுகிற மாதிரி ஊற்றினான். மேசையில் பாதி, குப்பியில் பாதி. கேனைத் திறந்தபடியே வைத்துவிட்டு விரலைச் சட்டையில் துடைத்தான்.

"கேனை மூடுய்யா!" என்று இர்மா கத்தினாள்.

"அதுக்கு ஆள் இருக்கு," என்றாள் டான்சி.

 வெர்லினின் கடைசி நம்பிக்கையும் போனது.

"ட்வைட், நீங்க."

ட்வைட் எழுந்து வந்தான். ஃபிளாஸ்க்கை இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். வலது கை ஒன்றாலேயே கேனைச் சாய்த்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. மெத்தனாலின் வாசம் எழுந்ததும் அவன் முகம் மாறியது. பத்து வயது குறைந்த மாதிரி.

"உங்க பழைய வண்டி இன்னிக்கு நல்லா ஓடிச்சு," என்றான் வெர்லின்.

"அவன் சரியா விடமாட்டேங்கிறான்." ட்வைட்டின் சின்னக் குரலில் முதல் தடவையாகச் சத்தம் வந்தது. "பாதி தூரத்துல பயந்து ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலைத் தூக்கிடுறான். அது இன்னும் போகும். என் கையில இருந்தா..." பேசிக்கொண்டே கேனை வைத்தான். பெரிய மூடியைத் திருகினான். குட்டி மூடியைத் திருகிக் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்தினான். "என் கையில இருந்தா நேரம் இன்னும் வினாடியில பத்துல ரெண்டு பங்கு குறையும்." அவன் கை நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த லோர்னாவின் கேனுக்குப் போனது. அதன் குட்டி மூடியையும் திருகியது. கட்டைவிரல் இரண்டு தடவை அழுத்தியது.

 வெளியே ஒலிபெருக்கி யாருடைய பெயரையோ சொல்லிக்கொண்டிருந்தது.

லோர்னாதான் முதலில் பேசினாள். "நாலு வருஷம் அந்த மூடியை நீ தொட்டதே இல்ல, ட்வைட்."

அவன் தன் கையைப் பார்த்தான். வேறு யாருடைய கையோ என்பதுபோல.

"ஃபிளாஸ்க்கைக் குடுங்க," என்றான் வெர்லின்.

டான்சி வாங்கித் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். மெத்தனால் வாசம். "காபின்னு நினைச்சு இதை இனிமே குடிச்சிடாதேப்பா. கண்ணு போயிடும்."

ட்வைட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "ஒப்பந்தத்துல ஒரு பேருதான் இருக்கு," என்றான். "ஓட்டுநர். அவனுங்க குழு, அவனுங்க மெக்கானிக். நான் இங்க உட்கார்ந்து டிவியில பார்க்கணும். என் வண்டியை வித்து உனக்குக் கட்டினேன். நீ மேல ஏறிப் போற, அந்தக் கோமாளி என் வண்டியில போறான். நான் நிழல்ல உட்கார்ந்து பார்க்கிறேன்." அவன் மூக்கைத் துடைத்தான். "இந்த ஒரு ஓட்டம் போகும்னுதான் நினைச்சேன். ரெண்டு வருஷம்னு தெரியாது."

"தெரிஞ்சிருந்தா கம்மியா ஊத்தியிருப்பியா?" என்றாள் லோர்னா.



இர்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை இழுத்தாள். அவள் கை கனமாக நகர்ந்தது. "எனக்கு வேற வழி இல்ல பொண்ணே. சொந்தக் குழு ஆளு. விதி அதான்."

பேனா முனை தாளைத் தொட்டது.

"ஒரு நிமிஷம்," என்றாள் டான்சி.

அவள் இர்மாவின் பட்டியலைக் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தாள். "மிஸ் இர்மா, உங்க தொப்பிக் கணக்குல எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டுநருக்குப் பச்சைப் பட்டை. குழு ஆளுக்கு?"

"பச்சைதான்."

"டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்க வர்றவங்களுக்கு?"

"ஆரஞ்சு." இர்மா பேனாவைத் தூக்கினாள். எல்லோரும் ட்வைட்டின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். ஃபிளாஸ்க்கைக் கொடுக்க நீண்ட கை இன்னும் முழங்காலில் கிடந்தது. அதில் ஆரஞ்சுப் பட்டை.

"நீங்களே எழுதியிருக்கீங்க. எழுதினதைத்தான் நீங்க படிக்கலை."

இர்மா எழுந்து அலமாரியைத் திறந்து குழு அட்டைகளைப் புரட்டினாள். ஹாட்ச்சர் அட்டையை வெளிச்சத்தில் பிடித்தாள். ஓட்டுநர்: லோர்னா ஹாட்ச்சர். குழு: ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை.

"மூணு போட்டியா அவன் கையெழுத்துப் போடலை," என்றாள் லோர்னா. குரல் தட்டையாக இருந்தது. "பெண்டாட்டிக்கு எடுபிடின்னு அட்டையில பேரு வர்றதுக்குப் பதிலா டிக்கெட் வாங்கிட்டு உள்ள வர்றேன்னான். நான் தனியாத்தான் எழுதிக் குடுத்தேன். எல்லா வேலையும் நானேதான் பார்த்தேன்."

"அப்ப இவர் பார்வையாளர்," என்றான் வெர்லின். "பார்வையாளர்னா வெளியாள். சரிதானே மிஸ் இர்மா?"

இர்மா சுவரில் தொங்கிய விதிப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கத்தை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை விரல் வைத்துப் படித்தாள். பிறகு படிவத்தை நாலாக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"ஓட்டம் செல்லாது. தடை இல்ல. ட்வைட் ஹாட்ச்சர், இந்த வாசலுக்குள்ள நீ இனிமே வரக் கூடாது. டிக்கெட் வாங்கினாலும்." அவள் புதிய தாளை எடுத்தாள். "கோல்பர்ன், பரிசு உனக்கு."

வெர்லின் இதை எதிர்பார்த்திருக்க வேண்டும். எதிர்பார்க்கவில்லை. கோல்பர்ன் பற்களைக் காட்டி அவன் முதுகில் ஓங்கித் தட்டினான். "நல்ல வேலை ஸ்டாம்ப்பர்! கோழிப்பண்ணையை விட்டுட்டு இதுக்கே வந்துடு!"

சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் அவன் பெயர் முழங்கியது. கொட்டகை வாசலில் நின்ற க்ளென்னா கைதட்டினாள். வெர்லினைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தாள். நன்றி என்று அர்த்தம். அவனுக்கு அது தேவைப்படவில்லை. பரிசுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்த கோல்பர்னின் சட்டைக் காலரை அவள் சரிசெய்வதை அவன் கடைசிவரை பார்த்தான். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"நானா இருந்தா பழியை அவன் மேலயே போட்டிருப்பேன்," என்றாள் டான்சி.

"பொய் சொல்லாதே."

"சரி, அரை மணி நேரம் யோசிச்சிருப்பேன்."

மூன்று இருபத்தைந்துக்கு லோர்னா இண்டியானாபோலிஸ்காரனின் கார்க் கண்ணாடியைத் தட்டினாள். கண்ணாடி இறங்கியது. ஐந்து நிமிடம் பேசினார்கள். அவன் ஒரு காகிதத்தை நீட்டினான். அவள் காரின் மூக்கிலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பிறகு நேராக டிரெய்லருக்கு நடந்தாள். ட்வைட் அவளுக்குப் பின்னால் போனான். இரண்டு பேரும் பக்கக் கதவு வழியே உள்ளே போனார்கள்.

வெர்லினும் டான்சியும் தங்கள் காரில் சாய்ந்து நின்றார்கள். சாவி வெர்லினின் கையில்தான் இருந்தது, அவன் கதவைத் திறக்கவில்லை. உள்ளே சத்தம் எதுவும் கேட்கவில்லை. திட்டு இல்லை, அழுகை இல்லை. இரும்பு அலமாரி ஒன்று திறந்து மூடும் ஓசை மட்டும்.

இரண்டு நிமிடத்தில் ட்வைட் வெளியே வந்தான். கையில் ஒரு பழைய பச்சை ஹெல்மெட், பதினைந்து வருடம் அவன் தலையில் இருந்தது. இத்தனை நாள் டிரெய்லர் சுவரில் தொங்கியிருக்க வேண்டும். படியில் இறங்கி, ஏதோ சொல்லத் திரும்பினான்.

கதவு அதற்குள் சாத்தியிருந்தது.

 

பூட்டு ஒரு முறை திரும்பியது. ட்வைட் நின்றுகொண்டே இருந்தான். வெர்லின் தலையைக் குனிந்துகொண்டான். ஒரு கதவுக்கு வெளியே அப்படி நின்றவனுக்கு, அது அந்த ஒரு சத்தத்தோடு நிற்காது என்று தெரியும்.

இரண்டாவது முறையும் திரும்பியது.